இதுவும் கில்லிதான் பாஸ்!

'கில்லி'ன்னு சொன்னதும் உங்க மண்டைக்குள்ள என்ன ஓடுது? 2004-ல் வந்து, 2024-ல் மறுபடி ரிலீஸாகி, அப்பவும் தியேட்டரை அதிரவெச்ச விஜய் படமா? இல்லை, கூராகச் சீவின குச்சியை எகிற அடிக்கிற தெரு விளையாட்டா? ரெண்டும் ஓகே. ஆனா, இந்த வாரம் நாம பார்க்கப்போற கில்லிக்குத் துடுப்பும் செதிலும் உண்டு!

கில்லிஃபிஷ்... 'ஐயையோ, கொல்லுற மீனா?'ன்னு பயப்படாதீங்க. அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. டச்சு மொழியில் 'கில்' என்றால் ஓடை. ஓடையிலும் குட்டையிலும் திரியும் சின்ன மீன்கள் என்பதால் இந்தப் பெயர். உலகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கில்லி வகைகள் இருக்கின்றன. பெரும்பாலானவை நம்ம விரல் நீளத்தைத் தாண்டாது. ஆனா, ஆண் மீனோட கலர் இருக்கே... தீபாவளிக்கு முந்தின நாள் தி.நகர் ஜவுளிக் கடை தோத்துப்போகும்!

மீன் தொட்டின்னாலே நமக்குத் தெரிஞ்சது கோல்டு ஃபிஷ், கப்பி, ஃபைட்டர். கடைக்குப் போவோம், பாலித்தீன் கவரில் வாங்கிட்டு வருவோம். செத்துப்போனா மறுபடியும் அதே கடை. கில்லி விஷயத்தில் இந்தக் கதை செல்லாது. இதில் சில வகைகள், நீங்க எவ்வளவு பார்த்துப் பார்த்து வளர்த்தாலும் ஒரு வருஷத்துக்குள் போய்ச் சேர்ந்துடும். அது உங்க தப்பு இல்லை. அதோட ஆயுசே அவ்வளவுதான். அதனால, கில்லி வளர்க்கிறவர் உண்மையில் வளர்க்கிறது மீனை இல்லை, முட்டையை. இன்னும் கரெக்டா சொல்லணும்னா, முட்டை இருக்கிற கவர் மேல எழுதின தேதியை!

அந்தத் தேதியைத் தொலைச்ச ஒருத்தன் பட்ட பாட்டைக் கடைசியில் சொல்றேன். அந்த ஒருத்தன் யாருன்னு நீங்களே கண்டுபிடிச்சுடுவீங்க.

மழை வந்தா பிறப்பு... வெயில் வந்தா தூக்கம்!

கிழக்கு ஆப்பிரிக்காவில், தான்சானியாவைச் சேர்ந்த ஸான்ஸிபார் தீவு. அங்கே வருஷத்துக்கு ரெண்டு மழைக்காலம். மார்ச் தொடங்கி மே வரைக்கும் 'மசிகா' என்ற பெருமழை. அப்புறம் வருஷக் கடைசியில் 'வுலி' என்ற சிறுமழை. நம்ம ஊரில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை கொட்டுற அதே சமயம்தான் இந்த வுலி. மழையில் பள்ளங்கள் எல்லாம் குட்டையாகும். மழை நின்னு சில வாரங்களில் அதே குட்டை வெடிச்ச மண்ணாகும்.

இந்தக் குட்டையில்தான் 'நோத்தோபிராங்கியஸ் குந்தெரி' என்ற கில்லி வாழுது. ஆண் மீனுக்கு நீலப் பச்சை உடம்பு, ரத்தச் சிவப்பில் வால். குட்டை வத்திப்போகும்னு தெரிஞ்ச மாதிரி, வயசுக்கு வந்த நாளிலிருந்து தினமும் சேற்றுக்குள் முட்டை போட்டுக்கிட்டே இருக்கும். தண்ணி வத்துது... அப்பா, அம்மா எல்லாரும் காலி. ஆனா, மண்ணுக்குள் முட்டை இருக்கு. கரு கொஞ்சம் வளரும், அப்படியே 'ஸ்டாப்' போட்டுத் தூங்கும். இதுக்கு 'டயபாஸ்' என்று பெயர். வளர்ச்சியின் மூணு கட்டங்களில் இப்படி நின்னு தூங்க அதால முடியும். அடுத்த மழையில் தண்ணி ஏறினதும், சில மணி நேரத்தில் குஞ்சு வெளியே நீந்தும்!

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. முதல் மழைக்கு எல்லா முட்டையும் பொரியாது. ஒரே தாய் போட்டதிலேயே சிலது எழும், சிலது 'இன்னும் கொஞ்சம் தூங்கிக்கிறேன்'னு படுத்துடும். ஏன்? முதல் மழை ஏமாத்தினா? ரெண்டு நாள் பெய்ஞ்சு நின்னுட்டா? பொரிஞ்ச குஞ்சு எல்லாம் அவுட். மிச்சமிருக்கிற முட்டைதான் வம்சத்தைக் காப்பாத்தும். நம்ம பாட்டிங்க காசை ஒரே இடத்தில் வைக்காம, அரிசிப் பானையில் கொஞ்சம், அஞ்சறைப் பெட்டியில் கொஞ்சம், முந்தானை முடிச்சில் கொஞ்சம்னு வெச்சாங்களே... அதே டெக்னிக்!

இந்த டெக்னிக்கை மறந்துடாதீங்க. கடைசியில் தேவைப்படும்.

குந்தெரியோட சொந்தக்காரர் ஒருத்தர் இன்னும் அவசரக்காரர். பெயர், நோத்தோபிராங்கியஸ் ஃபர்ஸெரி. 1968-ல் ஜிம்பாப்வேயின் கோனரேஷோ பகுதியில் முதன்முதலாகப் பிடிபட்டது. அந்தப் பரம்பரை மீன்கள் ஆய்வகத் தொட்டியில் 3 மாசத்துக்குள்ளாகவே வாழ்க்கையை முடிச்சுக்கிட்டதாக 2003-ல் ஆய்வு வெளியானது. நம்ம ஒரு செமஸ்டர்கூட முழுசா இல்லை! 2018-ல் வெளியான இன்னொரு ஆய்வில், மொசாம்பிக் குட்டைகளில் இதே வகை மீன், பொரிஞ்ச 14 நாளிலேயே முட்டை போடத் தயாரானது தெரியவந்தது. அவசரம்னா இதுதான் அவசரம்.

முதுமையை ஆராய்கிற விஞ்ஞானிகளுக்கு இது லட்டு. எலி கிழவனாக ரெண்டு, மூணு வருஷம் காத்திருக்கணும். இது சில மாசத்தில் கலர் மங்கி, முதுகு வளைஞ்சு, தாத்தாவாகிடும். தண்ணியை 25 டிகிரியிலிருந்து 22 டிகிரிக்குக் குறைச்சா இதோட ஆயுசு கூடுதுன்னு 2006-ல் கண்டுபிடிச்சாங்க. இளம் மீனோட குடலில் இருக்கும் பாக்டீரியாவை நடுத்தர வயசு மீனுக்குக் கொடுத்தா ஆயுசு நீளுதுன்னு ஜெர்மனியில், கொலோன் நகரத்தின் மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்துக்காரர்கள் 2017-ல் காட்டினாங்க. வீட்டு மேஜையில் நாம வெச்சிருக்கிறது சும்மா அழகுப் பொருள் இல்லை பாஸ், ஒரு முழு வாழ்க்கைச் சக்கரம்!

சரி, விஞ்ஞானிங்க வேலையை அவங்க பார்க்கட்டும். நம்ம மேட்டருக்கு வருவோம். நேரா குந்தெரியில் குதிக்காதீங்க. மூணு படியா ஏறலாம்.

முதல் படி: நம்ம ஊர்க்காரர்

கில்லின்னா ஃபாரின் சரக்குன்னு நினைச்சா அது தப்பு. கேரளா, கர்நாடகா, தமிழ்நாட்டு ஓடைகளிலும் குளங்களிலும் இருக்கிற அப்ளோகைலஸ் லினியேட்டஸ் ஒரு கில்லிதான். தண்ணி மேல்மட்டத்தில் அசையாம நிற்கும். மேலே இருந்து பார்த்தா தலையில் ஒரு வெள்ளிப் பொட்டு மின்னும். மலையாளத்தில் இந்த மீன் ஜாதிக்கு 'மானத்துக்கண்ணி' என்று பெயர். வானத்தைப் பார்க்கிற கண்! கொசுப்புழுவை வெளுத்துக்கட்டும்.

இதிலேயே தங்க நிறத்தில் வளர்த்தெடுத்த வகைதான் கடைகளில் கிடைக்கும் 'கோல்டன் வொண்டர்'. சென்னைக்காரங்களுக்குக் கொளத்தூர் இருக்கவே இருக்கு. மத்த ஊர்க்காரங்க நல்ல கடையாகப் பார்த்துச் சொல்லிவெச்சா வரவழைச்சுக் கொடுப்பாங்க. 10 சென்டிமீட்டர் வரை வளரும் என்பதால் 60 லிட்டர் தொட்டியாவது வேணும். ஒரு ஆண், ரெண்டு பெண் போதும். துடுப்பு கூராக, கலர் தூக்கலாக இருந்தா ஆண். முதுகுத் துடுப்பின் அடியில் கறுப்புப் புள்ளி இருந்தா பெண். கூடவே கப்பி, நியான் டெட்ரான்னு போடாதீங்க. வாய்க்குள் நுழையிற எல்லாமே இதுக்கு ஸ்நாக்ஸ்தான்.

ஓடையில் இருந்தே பிடிக்க ஆசையா? ரெண்டு ஜோடியோட நிறுத்திக்கோங்க. சரணாலயம், காப்புக்காடு பக்கம் வலையைத் தூக்கிட்டுப் போகவே போகாதீங்க.

இனி எல்லாக் கில்லிக்கும் பொதுவான சட்டம் ஒண்ணு: மூடி! கில்லிகள் ஹைஜம்ப் சாம்பியன்கள். 'முக்கால்வாசி மூடியிருக்கு'ன்னு சொன்னா, 'திறந்திருக்கு'ன்னு அர்த்தம். ஏர் டியூப் போறதுக்காக நான் விட்டுவெச்ச ரெண்டு விரல் ஓட்டை வழியா குதிச்ச ஒருத்தரை, மூணு நாள் கழிச்சு மேஜைக்குப் பின்னால் நெத்திலிக் கருவாடா கண்டெடுத்தேன். அந்த ஓட்டையை ஸ்பாஞ்ச் வெச்சு அடைங்க.

மத்தபடி சிம்பிள்தான். மெதுவாகக் குமிழி விடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர். ஏற்கெனவே ஓடிக்கிட்டிருக்கிற தொட்டியிலிருந்து நண்பரோட ஸ்பாஞ்சை வாங்கிப் போட்டா இன்னும் நல்லது. அழுக்கை முறிக்கும் பாக்டீரியா அதில் ரெடியா இருக்கும். கண்ணைக் கூசுற லைட் வேண்டாம். மேலே மிதக்கும் செடி கொஞ்சம். குளோரின் போட்ட குழாய்த் தண்ணியை ஒரு நாள் பக்கெட்டில் குமிழி விட்டு வெச்சு ஊத்துங்க. வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணி மாத்துங்க.

ரெண்டாவது படி: கம்பளி நூலில் முத்து

அடுத்தவர் மேற்கு ஆப்பிரிக்காக்காரர். நைஜீரியா, கேமரூன் ஓடைகளின் 'ஃபண்டுலோபான்சாக்ஸ் கார்ட்னெரி'. நீல உடம்பில் சிவப்புப் புள்ளிகள், மஞ்சள் கரை போட்ட துடுப்பு. 6 சென்டிமீட்டர்தான். ஒரு ஆண், ரெண்டு பெண்ணுக்கு 20 லிட்டர் தொட்டி போதும். நல்லா பார்த்துக்கிட்டா ரெண்டு வருஷத்துக்கு மேலேயும் இருக்கும். கில்லி உலகத்தில் கத்துக்குட்டிகளுக்கு எல்லாரும் கைகாட்டுற மீன் இதுதான்.

முட்டை எடுக்க 'மாப்' வேணும். தரை துடைக்கிறது இல்லை பாஸ், மீனுக்கான மாப்! கரும்பச்சை நிற அக்ரிலிக் நூல் ஒரு உருண்டை வாங்குங்க. பருத்தி நூல் வேண்டாம், அழுகிடும். ஒரு நோட்டுப் புத்தகத்தைச் சுத்தி 50 சுத்து சுத்தி, ஒரு முனையில் முடிச்சுப் போட்டு, மறு முனையைக் கத்தரிச்சா குஞ்சம் ரெடி. சாயம் போகக் கொதிக்கும் தண்ணியில் ரெண்டு, மூணு தடவை அலசுங்க. ஒரு தெர்மாகோல் துண்டில் கட்டித் தொட்டியில் மிதக்க விடுங்க. செடிவேர்னு நினைச்சு மீன் அதில் முட்டை போடும்.

ரெண்டு, மூணு நாளுக்கு ஒரு தடவை மாப்பை எடுத்துப் பிழிஞ்சு, வெளிச்சத்தில் இழை இழையாகப் பிரிச்சுப் பாருங்க. குண்டூசித் தலை அளவில் கண்ணாடி மணி மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கும். பயப்படாம விரலால் எடுக்கலாம். கில்லி முட்டையோட ஓடு கெட்டி. சின்ன டப்பாவில் தொட்டித் தண்ணி ஊத்தி, மெத்திலின் ப்ளூ ஒரே ஒரு சொட்டு விட்டு, அதில் சேருங்க. தினமும் பாருங்க. வெள்ளையா மாறினது பூஞ்சை பிடிச்ச முட்டை, உடனே தூக்கிடுங்க. இல்லைன்னா பக்கத்து முட்டைக்கும் பரவும்.

பத்து நாளில் ஒரு அதிசயம் நடக்கும். முட்டைக்குள் ரெண்டு கண் தெரியும்! லென்ஸ் இருந்தா, உள்ளே அது திரும்பிப் படுக்கிறதுகூடத் தெரியும். 24 டிகிரியில் ரெண்டு, மூணு வாரத்தில் பொரியும். கோல்டன் வொண்டருக்கும் இதே மாப், இதே முறைதான்.

குஞ்சுக்கு முதல் சாப்பாடு, அப்போதான் பொரிஞ்ச ஆர்டிமியா. நம்ம தூத்துக்குடி உப்பளங்களிலும் இருக்கிற குட்டியூண்டு இறால் இனம். இதோட காய்ஞ்ச முட்டை டப்பாவில் விற்குது. 1 லிட்டர் தண்ணி, ரெண்டு டேபிள்ஸ்பூன் அயோடின் இல்லாத கல் உப்பு, அரை டீஸ்பூன் முட்டை, விடாம பலமான காத்து. நம்ம ஊர் வெக்கைக்கு ஹீட்டரே வேண்டாம். 24 மணியிலிருந்து 36 மணி நேரத்தில் ஆரஞ்சு நிறப் புள்ளிகளா துள்ளும். பாட்டில் அடியில் லைட் காட்டினா எல்லாம் அங்கே கூடும். சின்ன டியூபால உறிஞ்சி, நல்ல தண்ணியில் அலசிப் போடுங்க. குஞ்சு வயிறு ஆரஞ்சா உப்பினா, பந்தி முடிஞ்சதுன்னு அர்த்தம்!

கார்ட்னெரிக்கு எதிரி, நம்ம சித்திரை வெயில். 28 டிகிரியைத் தாண்டினா சோர்ந்துடும். தொட்டியை மாடி அறையிலிருந்து இறக்கி, கீழ்த்தளத்தில், ஜன்னல் வெயில் படாத மூலையில் வையுங்க. மூடியில் ஒரு பகுதியைக் கொசு வலையாக மாத்தி, டேபிள் ஃபேனைத் தண்ணி மேல்பரப்பில் திருப்பிவிட்டா ரெண்டு, மூணு டிகிரி குறையும். மண்பானைத் தண்ணி எப்படிக் குளிருதோ, அதே கணக்குதான்.

இன்னொரு விஷயம். கில்லிக்காரங்க மீனோட பெயரை மட்டும் சொல்ல மாட்டாங்க, ஊரையும் சேர்த்துச் சொல்வாங்க. 'கார்ட்னெரி அகுரே' என்றால் நைஜீரியாவின் அகுரேயிலிருந்து வந்த பரம்பரை. 'கார்ட்னெரி மிசாஜே' என்றால் கேமரூன்காரர். ரெண்டையும் ஒரே தொட்டியில் கலக்கக் கூடாது. கலந்தா குஞ்சு வரலாம். ஆனா, அது எந்த ஊர் மீனும் இல்லை.

மூணாவது படி: ஸான்ஸிபார் பாக்கெட்

இப்போ குந்தெரி. இதை மீனா வாங்கணும்னு அவசியமே இல்லை. கில்லி ஆர்வலர்கள் ஒருத்தருக்கொருத்தர் தபாலில் அனுப்புறது, ஒரு கைப்பிடி ஈரத் தூள் இருக்கிற ஜிப் கவர்தான். அதுக்குள் 50 முட்டை தூங்கிக்கிட்டிருக்கும்!

நீங்களே முட்டை எடுக்க வழி இதோ. தொட்டிக்குள் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு. மூடியில் மீன் நுழையிற அளவு ஓட்டை. உள்ளே ரெண்டு விரல் உயரத்துக்கு, கொதிக்கவெச்சு நாலைஞ்சு தடவை நல்லா அலசின கோகோபீட். அதாங்க, தேங்காய் நார்த்தூள். ஜோடி ஒட்டி உரசிக்கிட்டே உள்ளே போய், தூளுக்குள் முட்டையைப் புதைச்சுட்டு வரும். வாரம் ஒரு தடவை தூளை வலையில் கொட்டிப் பிழியுங்க.

எவ்வளவு பிழியணும்? இங்கேதான் கோட்டை விடுவாங்க. புட்டு மாவு பதம்! கையில் பிடிச்சா பிடியணும், தட்டினா உதிரணும். சொதசொதன்னு இருந்தா முட்டை அழுகும். பொடிப்பொடியாக் காய்ஞ்சா முட்டை சுருங்கும். ஜிப் கவரில் கொஞ்சம் காத்தோடு மூடி, வெயில் படாத அலமாரியில் வையுங்க. சுமார் 24, 25 டிகிரியில் குந்தெரி முட்டைக்கு ஏறத்தாழ 3 மாசம். மொசாம்பிக்கின் 'ராக்கோவி' என்ற வகைக்கு 6 மாசம்கூட ஆகும். கவர் மேல அழியாத மார்க்கரில் மூணு விஷயம் எழுதணும்: மீன் பெயர், ஊர், தேதி.

நாள் நெருங்கினதும் ரெண்டு, மூணு முட்டையை எடுத்து லென்ஸில் பாருங்க. கண்ணைச் சுத்தி தங்க வளையம் பளிச்சுன்னு தெரிஞ்சா, குஞ்சு ரெடி. அகலமான டப்பாவில் தூளைக் கொட்டி, ரூம் சூட்டைவிடக் குளிர்ந்த தண்ணியை நாலு விரல் உயரம் ஊத்துங்க. 20 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தா நல்லது. மழைத் தண்ணி குளிர்ச்சியாத்தானே வரும்? சில மணி நேரத்தில், தூசு மாதிரி ஏதோ துள்ளும். பாருங்க... மூணு மாசமா அலமாரியில், உங்க ரெக்கார்டு நோட்டுக்குப் பக்கத்தில் கிடந்த கவருக்குள் இருந்த உயிர் அது!

முதல் நாளிலிருந்தே ஆர்டிமியா. ஒரு மாசத்தில் ஆண் மீனுக்குக் கலர் ஏறும். ஆறு வாரத்தில் அதுவும் முட்டை போட ஆரம்பிக்கும். உடம்பில் தங்கத் தூள் தூவின மாதிரி வர்ற 'வெல்வெட்' நோய் மட்டும்தான் பெரிய வில்லன். 10 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கல் உப்பு போட்டுவெச்சா வராம தடுக்கலாம். பொரியாத முட்டை இருக்கிற தூளைத் தூக்கிப் போட்டுடாதீங்க. மறுபடி பிழிஞ்சு, கவரில் போட்டு, ஒரு மாசம் கழிச்சு நனைங்க. பாட்டியோட அஞ்சறைப் பெட்டிக் காசு அது!

அந்தத் தேதி

இப்போ, தேதியைத் தொலைச்சவன் கதை.

நான் முதல் தடவை எடுத்த குந்தெரி முட்டையைக் கவரில் போட்டப்ப, தம்பட்டம் அடிக்கிறதுக்காகவே ஒரு கவரை கோயம்புத்தூரில் படிச்ச ஒரு தம்பிக்கு அனுப்பிவெச்சேன். 'பார்த்தியா, நம்ம வீட்டு முட்டை'ன்னு. அதோட அதை மறந்துட்டேன். அடுத்தடுத்து எடுத்த கவர்களைக் குவிச்சுவெச்சேன். மார்க்கர் கிடைக்கலைன்னு பால்பாயின்ட் பேனாவால் பேப்பர் ஸ்டிக்கரில் எழுதினேன். 'எல்லாம் நமக்குத் தெரியாதா' என்ற திமிர்.

பெரிய மீன்கள் கிழடு தட்டி ஒண்ணொண்ணா போச்சு. 'போகட்டும், கவர் இருக்கே'ன்னு தைரியமா இருந்தேன். எடுத்துப் பார்த்தா, ஈரத்தில் மை ஊறி, எல்லா ஸ்டிக்கரிலும் ஒரே நீலத் திட்டு. எது மூணு மாசக் கவர், எது ஒரு மாசக் கவர்? லென்ஸில் பார்க்கப் பொறுமை இல்லை. குத்துமதிப்பா, இருந்த எல்லாக் கவரையும் ஒரே நாளில் நனைச்சேன்.

பாதி முட்டை பொரியவே இல்லை. பொரிஞ்சதில் முக்கால்வாசி, நீந்த முடியாம தரையில் வயித்தைத் தேய்ச்சுக்கிட்டே ஊர்ந்தது. காலம் தப்பி நனைச்சா இப்படித்தான் ஆகும்; காத்துப் பையில் காத்து நிரம்பாது, மேலே எழும்ப முடியாது. அதைப் பார்க்கிறது ரொம்பக் கஷ்டம். கடைசியில் நல்லபடியா வளர்ந்தது ரெண்டே ரெண்டு. ரெண்டும் ஆண். பொரியாத முட்டையை மறுபடி காயவெச்சு எழுப்பிப் பார்த்தேன், ஒண்ணும் தேறலை. கலரெல்லாம் சூப்பர்தான். ஆனா, கதை முடிஞ்சது.

அப்போதான் அந்தத் தம்பி ஞாபகம் வந்தது. கவர் அனுப்பி எட்டு மாசம் ஆகியிருந்தது. தயங்கித் தயங்கி போன் பண்ணினேன். 'அண்ணே, நீங்க கொடுத்ததோட பசங்க முட்டை போட்டு, அதுவே இப்போ நனைக்கிற பதத்துல இருக்கு. ரெண்டு கவர் அனுப்பவா?'ன்னு கேட்டான். மூணாம் நாள் தபாலில் வந்தது. கவர் மேல அழியாத மார்க்கரில் பெயர், ஊர், தேதி எல்லாம் அச்சடிச்ச மாதிரி. கீழே ஒரு வரி: '15-ம் தேதிக்கு முன்னாடி நனைக்காதீங்கண்ணே!'

வெட்கமாத்தான் இருந்தது. ஆனா, என் வீட்டு மீன் வம்சத்தைக் காப்பாத்தினது என் திறமை இல்லை, தம்பட்டத்துக்காக நான் கைவிட்டுக் கொடுத்த அந்த ஒரு கவர்.

வத்திப்போன ஊற்று

'அட, போனா போகுது, ஒரு கவர் முட்டைதானே'ன்னு தோணலாம். மெக்ஸிகோவின் நியுவோ லியோன் மாநிலத்தில் எல் பொதோசி என்ற ஊரில் ஒரு ஊற்று இருந்தது. உலகத்திலேயே அந்த ஒரு இடத்தில் மட்டும் வாழ்ந்த ஒரு குட்டிக் கில்லி உண்டு. மெகுப்சிலான் அபோரஸ் என்று 1972-ல் பெயர் வெச்சாங்க. விவசாயத்துக்காக நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி, 1994 வாக்கில் அந்த ஊற்றுக் கதை முடிஞ்சது. அதுக்கப்புறம் அந்த மீன் உயிரோட இருந்தது தொட்டிகளில் மட்டும்தான். வளர்க்கிறதுக்குக் கஷ்டமான ஜாதி. இருந்த தொட்டிகளும் கொஞ்சம். எண்ணிக்கை குறைஞ்சுக்கிட்டே போய், 2014-ல் கடைசி மீனும் செத்துப்போச்சு. அவ்வளவுதான். உலகத்தில் வேற எங்கேயும் இல்லை.

அதே ஊற்றில் அதுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர் இருந்தார். சிப்ரினோடான் அல்வரெஸி. அதுவும் கில்லிதான். அதுக்கும் ஊற்று போச்சு, வீடு போச்சு. ஆனா, அது இன்னும் உயிரோட இருக்கு. எங்கே? மனுஷங்க பார்த்துக்கிற தொட்டிகளில்!

அதுக்காக நாம எல்லாரும் நாளைக்கே உலகத்தைக் காப்பாத்தப் போறோம்னு சொல்லலை. நம்ம மேஜையில் இருக்கிறது கடையில் கிடைக்கிற கோல்டன் வொண்டராகவே இருக்கட்டும். ஆனா, ஒரு உயிரை ஒரே கையில் வெச்சிருக்கிறது எவ்வளவு ஆபத்துன்னு அதுவே கத்துக் கொடுக்கும். மீன் அதிகமாயிட்டா, குளத்திலோ ஓடையிலோ விட்டுடாதீங்க. நம்ம ஊர்த் தண்ணி, ஆப்பிரிக்கா மீனுக்கு வீடு இல்லை. அது நம்ம மானத்துக்கண்ணியோட வீடு. விடணும்னு தோணினா, நண்பர் வீட்டுத் தொட்டியில் விடுங்க.

மூணு கவர் விதி

ஆக, இந்த வாரத்துக்கு ஒரே ஒரு விதிதான். எப்போ முட்டை எடுத்தாலும் மூணு பங்கா பிரிங்க. ஒரு பங்கு உங்களுக்கு. ஒரு பங்கு உங்க ஊரிலேயே ஒருத்தருக்கு. மூணாவது, வேற ஊரில் இருக்கிற ஒருத்தருக்கு. உங்க ஏரியாவில் கரன்ட் போய் தொட்டி காலியானாலும், பரீட்சை டென்ஷனில் நீங்களே சொதப்பினாலும், எங்கேயோ ஒரு அலமாரியில் உங்க மீன் தூங்கிக்கிட்டிருக்கும்.

ஆமா, அந்த ரெண்டு கவரையும் 15-ம் தேதிக்கு அப்புறம்தான் நனைச்சேன். லென்ஸில் தங்க வளையத்தைப் பார்த்துட்டுத்தான்! 38 குஞ்சு. எல்லாம் நீந்தினது.

மார்க்கர் வாங்கிட்டீங்களா? மூடியைச் சரியா மூடினீங்களா? அப்போ நீங்களும் கில்லிதான். அடுத்த வாரம் பார்க்கலாம்!